பூனைக்குட்டியோடு கொலு வைக்கப் போகும் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே,

இந்த ஆடியிலோ ஆவணியிலோ உங்கள் வீட்டுக்குள் ஒரு பூனைக்குட்டி வந்திருக்கும். மழைக்கு ஒதுங்கி வந்ததோ, மாடிப்படிக்கு அடியில் தாய் விட்டுப்போனதோ, பிள்ளைகள் சட்டைக்குள் பொத்தித் தூக்கிவந்ததோ, எப்படியோ வந்து தங்கிவிட்டது. இப்போது புரட்டாசி அமாவாசை நெருங்குகிறது. பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்க வேண்டும். "இதை வச்சுக்கிட்டு எப்படிக் கொலு வைக்கிறது?" என்ற பேச்சும் வீட்டில் கிளம்பியிருக்கும். அந்தப் பேச்சு நடக்கிற வீடுகளுக்குத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் மதுரையில் இருக்கிறேன். பூனையோடு 11 கொலு வைத்தாயிற்று, இது 12-ஆவது. முதல் கொலுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மிளகு என்று பேர் வைத்த கறுப்புக் குட்டி. அப்போது அதற்கு மூன்று மாதம். ஏழு படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, ஓரத்தைத் தரை வரைக்கும் அழகாகத் தொங்கவிட்டிருந்தேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் அந்த வேட்டியைப் பற்றிக்கொண்டு குட்டி ஏறியிருக்கிறது. வேட்டி சரிந்தது. மூன்றாம் படியில் இருந்த தசாவதார வரிசை மொத்தமாக முன்னால் நகர்ந்து, கூர்ம அவதாரம் மட்டும் தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று. என் ஆச்சி கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த செட் அது. வருஷா வருஷம் அவள் கையால் துடைத்து வைத்த பொம்மை. துண்டுகளைப் பொறுக்கும்போது அழுகை வந்துவிட்டது.

குட்டியை அதட்டினேன். பின்கட்டில் அடைத்தேன். அன்று வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துரும்மா, அது பொழச்சுக்கும்" என்றார். முடியாது என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு குறுகுகிறது.

அடுத்த இரண்டு நாளும் குட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. நான் திட்டியதற்குப் பயந்து பதுங்குகிறது என்று நினைத்தேன். மஞ்சள் மஞ்சளாக வாந்தி எடுத்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடிநாக்கில் ஒரு வெள்ளை நூல் சுற்றியிருந்தது. மல்லிகைச் சரம் கட்டிய நூல். அதன் மறுமுனை குடலுக்குள் போயிருந்தது. அன்று ராத்திரியே வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். குட்டி பிழைத்துக்கொண்டது.

கூர்மத்தை விளாச்சேரிக்கு எடுத்துப் போனேன். பொம்மை செய்யும் பெரியவர் ஒருவர் துண்டுகளை ஒட்டி, விரிசல் தெரியாமல் வர்ணம் பூசிக் கொடுத்தார். ஒட்டினால் சரியாகிவிடும் ஒரு பொருளுக்காக இரண்டு நாள் வருந்திக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் பட்டினி கிடந்த உயிரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இந்த மடலில் நான் சொல்ல வந்தது இதுதான். குட்டியிடமிருந்து கொலுவைக் காப்பாற்றுவது எப்படி என்று எல்லோரும் கேட்கிறோம். கொலுவிடமிருந்து குட்டியைக் காப்பாற்றுவது எப்படி என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்கு வேண்டியதைச் செய்தால் பொம்மையும் தானாகத் தப்பித்துவிடும்.

முதலில், குட்டி ஏன் கொலுவைத் தேடி வருகிறது என்று தெரிந்துகொள்வோம். ஏழெட்டு வார வயதில், எதைக் கண்டாலும் தட்டி, உருட்டி, கவ்விப் பார்க்கும் விளையாட்டு பூனைக்குட்டிக்குச் சூடு பிடிக்கிறது. மூன்றரை மாதம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். அப்போது ஈறு ஊறலெடுக்கும். வயரோ நாரோ நூலோ, கிடைத்ததைக் கடிக்கும். ஆடி ஆவணியில் வந்த குட்டி புரட்டாசியில் சரியாக இந்த வயதில்தான் நிற்கிறது. பூனை இனத்துக்கு விடியலும் அந்தியும் வேட்டைப் பொழுது. நாம் விளக்கேற்றி, வந்தவர்களை உட்காரவைத்துப் பாடச் சொல்லும் அதே நேரத்தில் அதன் கால்களுக்குள் ஓட்டம் புகுந்துவிடும். நேற்று வரை வெறும் சுவராக இருந்த இடத்தில் இன்றைக்குப் படி இருக்கிறது, ஏறி உட்கார உச்சி இருக்கிறது, காற்றுக்கு ஆடும் தோரணம் இருக்கிறது, தட்டினால் தலையசைக்கும் தஞ்சாவூர் பொம்மை இருக்கிறது. குட்டி வம்புக்கு வரவில்லை. அதற்காகவே கட்டிவைத்தது போல ஒன்றை அதன் வீட்டுக்குள் நாம்தான் கொண்டுவந்து வைக்கிறோம்.

ஆகவே படியிலிருந்து தொடங்குங்கள். அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்பே வெறும் படியைக் கட்டிவிடுங்கள். அலுமினியத் தாளை லேசாகக் கசக்கி ஒவ்வொரு படியிலும் விரித்து வையுங்கள். ஏறிப் பார்க்கும் குட்டிக்குக் காலடியில் அது சரசரப்பது பிடிக்காது, இறங்கிவிடும். நாலு நாளில் படி அதற்குப் பழசாகிவிடும். தாளைக் கிழித்துத் தின்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தின்றால் எடுத்துவிடுங்கள்.

டிரங்குப் பெட்டிமேல் பலகை, பலகைமேல் ஸ்டூல் என்று அடுக்கிக் கட்டும் படி, குட்டி ஒருமுறை தாவினாலே ஆடும். இரும்புப் படி நல்லது. அதையும் ஆணி அடித்துச் சுவரோடு கட்டிவிடுங்கள். வேட்டியை ஓரம் தொங்காமல் மடித்து உள்பக்கமாக ஊக்கு குத்துங்கள். தொங்கும் துணி குட்டிக்கு ஏணி. சோபா, பீரோ, ஜன்னல் திண்டு எதுவும் படிக்கு அருகில் வேண்டாம். வளர்ந்த பூனை நின்ற இடத்திலிருந்து ஐந்தடி தாவும். நாலைந்து மாதக் குட்டிக்கும் அதில் பாதி ஒரு பொருட்டில்லை.

வைக்கும் வரிசையிலும் கொஞ்சம் யோசியுங்கள். கீழிரண்டு படிகளில் மரப்பாச்சி, பித்தளைச் சாமான், காகிதக்கூழ் பொம்மை என்று விழுந்தாலும் உடையாதவை இருக்கட்டும். ஆச்சியும் பாட்டியும் கொடுத்த மண் பொம்மைகளை மேல் படிகளில், முதுகு பின்னால் சாயும்படி ஒட்டி வையுங்கள். உள்ளே கூடாக இருக்கும் பொம்மைக்குள் ஒரு மணல் பொட்டலத்தைச் செருகினால் லேசில் சாயாது. கலசத்தை அகலமான தாம்பாளத்தில் அரிசி பரப்பி அதில் அழுத்தி வையுங்கள். செட்டியார் பொம்மையின் கடையில் பயறும் மிளகாயும் தட்டில் குவிந்திருப்பது பார்க்க அழகுதான். உருட்டி விளையாடவும் அவை வாகானவை. ஆகவே அவரையும் ஒரு படி மேலே ஏற்றிவிடுங்கள்.

குட்டிக்கும் ஒரு உயரம் வேண்டும். பூனைக்கு மேலிருந்து பார்ப்பது பசி மாதிரி ஒரு தேவை. படிக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலோரம் ஒரு அலமாரியின் தலையில் பழைய புடவையை மடித்துப் போடுங்கள். கொலுவையும் வருகிறவர்களையும் அங்கிருந்து அது பார்த்துக்கொண்டிருக்கட்டும். கொலுப் பூங்காவுக்குக் கேழ்வரகோ கோதுமையோ முளைக்கப் போடும்போது ஒரு சின்னத் தொட்டியில் தனியாகக் கோதுமை போட்டு அதன் பங்காக வையுங்கள். கடிக்க ஒரு பச்சை கிடைத்தால் மற்றதை விடும்.

தினமும் விளக்கேற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னால், ஒரு குச்சியில் துணி நாடாவைக் கட்டி குட்டியை ஓடவிடுங்கள். பதினைந்து நிமிஷம் போதும். கடைசியில் அதைப் பிடிக்க விடுங்கள். பிடித்ததும் சாப்பாடு வையுங்கள். துரத்து, பிடி, தின்னு, உடம்பை நக்கித் துடை, தூங்கு என்பது பூனையின் உடம்புக்குள் இருக்கும் வரிசை. சுண்டலுக்கு ஆள் வரும்போது அது தூக்கத்தில் இருக்கும். விளையாட்டு முடிந்ததும் அந்த நாடாவை மறக்காமல் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஆள் போகவர வாசல் கதவு திறந்தே கிடக்கும் வீடானால், மாலையில் இரண்டு மணி நேரம் குட்டி உள்ளறையில் இருக்கட்டும். தண்ணீர், மண்தட்டு, படுக்கை மூன்றும் அங்கேயே இருக்கட்டும். கதவில் "உள்ளே குட்டி இருக்கிறது" என்று ஒரு சீட்டும் ஒட்டுங்கள். ராத்திரியிலும் கொலு இருக்கும் கூடத்தில் அதைத் தனியே விட வேண்டாம்.

இனி, குட்டியின் உயிருக்கு ஆபத்தானவற்றைச் சொல்கிறேன். இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நூல்தான் முதல் எதிரி. பூனையின் நாக்கில் தொண்டையைப் பார்த்து வளைந்த முட்கள் இருக்கின்றன. நூலோ ஜிகினாவோ வாய்க்குள் போய்விட்டால் அதனால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை அடிநாக்கிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ளும். குடல் மறுமுனையை இழுக்க இழுக்க, நாடா கோத்த பாவாடை போலச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நூலே குடலை அறுத்துவிடும். ஆகவே ஜிகினாத் தோரணம் வேண்டாம். காகிதத் தோரணம் உயரத்தில் இருக்கட்டும். பூச்சரத்தை மேல் படியோடு நிறுத்துங்கள். வாடியதும் அங்கேயே விடாமல், மூடியுள்ள குப்பைக் கூடையில் போடுங்கள்.

அடுத்தது பூ. மல்லிகையும் ரோஜாவும் பூனைக்கு விஷமல்ல. அரளி விஷம். இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும். அம்மனுக்கு அரளிதான் விசேஷம் என்பது எனக்கும் தெரியும். குட்டி இருக்கும் வருஷத்தில் அந்த மாலையைக் கோயிலில் சாத்திவிடுங்கள்; வீட்டுக்குச் செம்பருத்தி போதும். சாமந்தியைத் தின்றால் எச்சில் வடியும், வாந்தி வரும். செங்காந்தள் நம் மாநிலப் பூதான். அதுவும் கொடிய நஞ்சு. விருந்தாளி கொண்டுவரும் பூங்கொத்தைப் பிரித்துப் பாருங்கள். நீண்ட மகரந்தத் தாளோடு லில்லி இருந்தால் வாசலோடு நிறுத்திவிடுங்கள். உடம்பில் ஒட்டிய அதன் மகரந்தத்தை நக்கினாலோ, அது இருந்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோகூட இரண்டு மூன்று நாளில் பூனையின் சிறுநீரகம் நின்றுபோகும்.

மூன்றாவது, பொம்மைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பூச்சிக்காகப் போட்டுவைத்த அந்துருண்டை, அதாவது ரசகற்பூரம், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் ஈரல் முறித்து வெளியேற்றும் பல ரசாயனங்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. அதற்கான நொதி அதற்கு மிகக் குறைவு. பெட்டியைக் குட்டி இல்லாத இடத்தில் திறந்து, உருண்டைகளை எண்ணி எடுத்துவிட்டு, பொம்மைகளை மொட்டைமாடியில் காற்றாட வையுங்கள். அடுத்த வருஷத்துக்குக் காய்ந்த வேப்பிலையும் செய்தித்தாளும் போதும். பூஜைக் கற்பூரத்தையும் டப்பாவில் மூடியே வையுங்கள்.

நான்காவது நெருப்பும் மின்சாரமும். எண்ணெய் விளக்கை எட்டாத உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஏற்றுங்கள். ஆள் இல்லாத கூடத்தில் அது எரிய வேண்டாம். விளக்குக்குப் பதில் பேட்டரி விளக்கு வைப்பவர்கள், பேட்டரி மூடி திருகாணி போட்டதா என்று பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். சீரியல் செட்டின் வயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு ஒட்டுங்கள். தூங்கப் போகும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடந்தால்? வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள், குடல் கிழிந்துவிடும். வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வயரைக் கடித்துவிட்டால் முதலில் மெயினை அணைத்துவிட்டுக் குட்டியைத் தொடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்; நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். சாப்பிடாமல் ஒளிந்துகொள்ளும் குட்டியைக் கோபித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்த தப்பு அது. ஆயுதபூஜையும் விஜயதசமியும் விடுமுறை என்பதால், அந்த நாட்களில் எந்தக் கால்நடை மருத்துவமனை திறந்திருக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து எழுதிவையுங்கள்.

படியில் ஏறிவிட்டது என்று அடிக்கவோ, முகத்தில் தண்ணீர் அடிக்கவோ வேண்டாம். அடிக்கும் படிக்கும் உள்ள தொடர்பு அதற்கு விளங்காது. அடித்த ஆள் மேலுள்ள பயம் மட்டும் மிஞ்சும். ஏறினால் தூக்கி அதன் அலமாரியில் விடுங்கள். அங்கே உட்கார்ந்தால் ஒரு துண்டு மீனோ கோழியோ கொடுங்கள். பத்து தடவை தூக்கிவிட வேண்டியிருக்கும். தூக்கிவிடுங்கள்.

விஜயதசமி முடிந்து மூன்று வாரத்துக்குள் தீபாவளி வெடி, பிறகு கார்த்திகை அகல்விளக்கு, மார்கழியில் கிறிஸ்துமஸ் வீடுகளின் நட்சத்திரமும் மரமும் குடிலும் வரும். பேர்தான் வேறு, நூலும் ஜிகினாவும் வயரும் நெருப்பும் அவைதான். கொலுவில் பழகிக்கொண்டால் வருஷம் முழுக்க உதவும்.

இனி, உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்ளும் ஒரு விஷயம். ஒவ்வொரு புரட்டாசியிலும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் புதுக் குட்டிகளைப் பார்க்கிறேன். தெருவில் பிறந்தவை இல்லை. மடியில் படுத்துப் பழகியவை. ஆள் வந்தால் ஓடாமல் காலை உரசிக்கொண்டு வருகின்றன. "கொலு முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று வெளியே விடப்பட்டவை. தாயிடம் வேட்டை கற்காமல் வீட்டுச் சோற்றில் வளர்ந்த குட்டிக்கு மார்க்கெட்டில் பிழைக்கத் தெரியாது. நாய்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நடுவில் அதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான்.

கொலுப்படியின் பொருள் என்னவென்று என் ஆச்சி சொல்லித்தந்ததை உங்களிடம் சொல்கிறேன். கீழ்ப்படியில் ஓரறிவு கொண்ட செடிகொடி, அடுத்து நத்தை, அடுத்து எறும்பு, அடுத்து நண்டு, அதன்மேல் ஐந்தறிவுள்ள விலங்கும் பறவையும், அதற்கும் மேலே மனிதர், பிறகு மகான்கள், தேவர்கள். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பியர் மரபியலில் அடுக்கிய வரிசையை அப்படியே படியாக்கி வைத்திருக்கிறோம். விலங்குக்கென்று ஒரு படி இல்லாமல் கொலு நிறைவதில்லை. அந்தப் படியில் மண்ணால் செய்த மானையும் பசுவையும் துடைத்து வைத்துவிட்டு, மூச்சுவிடும் ஒரு குட்டியைத் தெருவில் விடுவது அந்த அடுக்குக்கே பொருந்தாது. இடம் போதாவிட்டால் ஏழு படியை மூன்றாக்குங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் போதும். அம்பாள் குறை சொல்லமாட்டாள்.

மிளகுக்கு இப்போது 11 வயது. தாவுவதையெல்லாம் விட்டுவிட்டது. பத்து நாளும் அலமாரி மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். கூர்மம் அதே மூன்றாம் படியில், மச்சத்துக்கும் வராகத்துக்கும் நடுவில் இருக்கிறது. விரிசல் எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும்.

அமாவாசையன்று பொம்மைகளை எடுத்து வைத்ததும், அந்துருண்டை படாத அட்டைப்பெட்டி ஒன்று மிஞ்சினால் உடனே பரணில் ஏற்றிவிடாதீர்கள். படிக்கு எதிர் மூலையில் திறந்து வையுங்கள். இந்த வருஷக் கொலுவில் உங்கள் குட்டியின் படி அதுதான்.

அன்புடன்,
மிளகு வீட்டு அக்கா,
மதுரை.